மோட்டார் நின்ற நேரம்

முத்தாண்டிக்குப்பம் மொய்னுதீனுக்கு மூச்சு வாங்குகிறது என்பது அவருக்குத் தெரிவதற்கு முன்பே கூட வேலை பார்க்கும் ராமலிங்கத்துக்குத் தெரிந்துவிட்டது. குரல் காட்டிக் கொடுத்தது.

நெய்வேலித் திறந்தவெளிச் சுரங்கத்தின் அடித்தளத்தில் வரிசையாக ஓடும் தண்ணீர் மோட்டார்களுக்கு நடுவே செல்போன் அடித்தால் காதில் விழாது. அந்த இரைச்சலைத் தாண்டி ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குச் சேதி சொல்ல மொய்னுதீனின் தொண்டை ஒன்றே போதும். காண்ட்ராக்ட் ஆட்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'மைக் செட் பாய்'. "ராமலிங்கம், நாலாம் நம்பரு சூடாவுது, வந்து பாரு" என்று ஒரே மூச்சில் விடுவார். மேல் தட்டில் மண் அள்ளுகிறவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஒருநாள் அந்தக் குரல் இரண்டு துண்டாக வந்தது. "ராமலிங்கம், நாலாம் நம்பரு" என்று முதல் துண்டு. பிறகு ஒன்றுமில்லை. நாலாம் நம்பருக்கு என்ன ஆயிற்று என்று ராமலிங்கம் எழுந்து நடக்க ஆரம்பித்த பிறகுதான் "சூடாவுது" என்ற இரண்டாவது துண்டு வந்து சேர்ந்தது.

"என்னா பாய், பாதியிலியே கரண்டு போயிடுச்சா?"

"தூசிய்யா" என்றார் மொய்னுதீன்.

ராமலிங்கம் தலையாட்டினார். அதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை. நெய்வேலியில் இருமினால் தூசி. கண் அரித்தால் தூசி. துவைத்துக் காயப்போட்ட வேட்டி பழுப்பானால் தூசி, பையன் கணக்கில் ஃபெயிலானால்கூட அதில் தூசிக்கு ஒரு பங்கு உண்டு. பாதி உண்மையும் கூட. அதனால் மொய்னுதீனின் மூச்சுக்கும் ஊர் கூடி வைத்தியம் பார்த்தது. ஷிப்ட் முடிந்ததும் ராமலிங்கம் ஒரு துண்டு வெல்லத்தைக் கையில் திணிப்பார். தொண்டையில் படிந்த தூசியை வெல்லம் இறக்கிவிடும் என்பது அவர் நம்பிக்கை. மனைவி சைபுன்னிசா கற்பூரவல்லியைச் சாறு பிழிந்து கொடுத்தாள். மருந்துக் கடைக்காரர் உறிஞ்சுகிற மருந்து ஒன்றைக் கொடுத்து, "மைன்ஸ்காரங்க எல்லாம் இதத்தான் வாங்கறாங்க" என்றார். மொய்னுதீன் எல்லாவற்றையும் ஒழுங்காக எடுத்துக்கொண்டார். மூச்சு இன்னும் மோசமானது.

வீட்டில் அவருடைய வாக்கியங்களைச் சைபுன்னிசா முடித்து வைக்கத் தொடங்கியிருந்தாள்.

"சைபு, இன்னிக்கு..."

"மீனு வேணுமா? முருங்கக்கீர ஆய்ஞ்சு வெச்சாச்சு."

"இல்ல, வண்டிச் சாவி..."

"ஆணியிலதான் தொங்குது. கண்ணுக்கும் மூச்சு வாங்குதா?"

வேண்டுமென்றே தப்பாக முடிப்பதும் உண்டு. அவர் கையை ஆட்டி மறுக்க, அவள் சிரிக்க, சிரிப்பு முடிந்ததும் அவர் நெஞ்சு ஏறி இறங்குவதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வாள்.

மொய்னுதீன் பார்த்த வேலையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் மணல்; மணலுக்குள் தண்ணீர். சும்மா தேங்கிக் கிடக்கிற தண்ணீர் இல்லை, அழுத்தத்தோடு அடைபட்டு மேலே வர வழி தேடிக்கொண்டிருக்கிற தண்ணீர். மேலே இருக்கும் மண்ணையும் கரியையும் எடுத்துவிட்டால் அதை அமுக்கிப் பிடிக்க ஆள் கிடையாது. அதனால் சுற்றிலும் ஆழ்குழாய் இறக்கி, பகல் இரவு பாராமல் இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். இறைத்த தண்ணீர் டவுன்ஷிப் குழாய்க்கும் போகிறது, வாய்க்கால் வழியாகச் சேத்தியாத்தோப்புப் பக்கத்து வயலுக்கும் போகிறது. மோட்டார் ஓடுகிறவரைக்கும்தான் சுரங்கம் சுரங்கமாக இருக்கும்.

வேலையில் சேர்ந்த முதல் நாளே அவருக்குச் சொல்லப்பட்ட விதி ஒன்று: அடுத்ததை ஓட விடாமல் ஓடுகிறதை நிறுத்தாதே. பழுது பார்க்க வேண்டுமா? முதலில் மாற்று மோட்டாரைப் போடு. அது நிதானத்துக்கு வரட்டும். குழாயில் கை வைத்துப் பார், தண்ணீர் ஏறும் அதிர்வு தெரியட்டும். பிறகுதான் பழையதன் பொத்தானைத் தொட வேண்டும். காண்ட்ராக்ட்காரர்கள் மாறினார்கள், மேற்பார்வையாளர்கள் மாறினார்கள். இருபது வருஷத்துக்கு மேலாக மொய்னுதீன் காண்ட்ராக்ட்டாகவே இருந்தார். அந்த விதி அவருக்குள் வேலையைத் தாண்டியும் இறங்கிவிட்டது. வீட்டில் புதுச் செருப்பு வாங்கி ஒரு வாரம் நடந்து பார்த்த பிறகுதான் பழைய செருப்பைத் தூக்கிப் போடுவார். நிறுத்துகிற பொத்தானை அழுத்தும்போது மட்டும் வாய்க்குள் 'பிஸ்மில்லாஹ்' என்று இறைவன் பெயரைச் சொல்வார். ஓட விடும்போது சொல்லமாட்டார். அது தானாக ஓடும் என்ற தைரியம்.

வடலூரில் ஒரு நிக்காஹ். பிரியாணி மாடியில். கூட்டம் முண்டியடித்து ஏறியது. மொய்னுதீன் பாதிப் படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றார். பின்னால் வந்தவர்கள், "பாய், ஏறுங்க பாய், கறி தீந்துடும்" என்று முதுகில் தட்டினார்கள். அவர் திரும்பி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். கண் இருட்டிக்கொண்டு வந்தது. அப்படியே படியில் சரிந்தார்.

நினைவு திரும்பியபோது யாரோ விசிறிக்கொண்டிருந்தார்கள். "ஒண்ணுமில்ல, தூசி" என்று கூட்டத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார் ஒருவர். சைபுன்னிசா அந்த ஆளை நிமிர்ந்து பார்த்தாள். "கல்யாண மண்டபத்துல என்னாங்க தூசி?" என்று கேட்டுவிட்டு, பிரியாணிக்கு நிற்காமல் ஆட்டோ பிடித்தாள்.

டாக்டர் இளவேனில் நெஞ்சுநோய் மருத்துவர். நெய்வேலி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். நாற்பதைத் தொட்டிருப்பார். பேசிக்கொண்டே கையைப் பிடித்து நாடி பார்க்கிற வழக்கம்.

"எவ்வளவு நாளா இப்படி?"

"ஒரு வருஷத்துக்கு மேலங்க. தூசிதாங்க டாக்டர், எல்லாருக்கும் வர்றதுதான்."

"சுரங்கத்துல எந்தப் பக்கம் வேலை?"

"மோட்டாருங்க. அடியில."

"தண்ணி எறைக்கிற இடமா?"

"ஆமாங்க."

"எங்கப்பா அங்க இருந்தவர்தான். சாயந்திரம் பூட்ஸைக் கழட்டினா வாசல் முழுக்கச் சேறா இருக்கும், அம்மா கத்துவாங்க. அங்க உங்களுக்குத் தூசி எங்கருந்து வந்துச்சு?"

மொய்னுதீனும் சைபுன்னிசாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை நாளில் இதை யாரும் கேட்கவில்லை. அவர்களும் கேட்டுக்கொள்ளவில்லை. முழங்கால்வரை ஈரத்தில் நின்று வேலை பார்க்கிற மனிதர், தூசியால் மூச்சு வாங்குகிறது என்று ஊரோடு சேர்ந்து தானும் நம்பியிருந்தார்.

டாக்டர் முதுகில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டார். "காத்து நல்லாத்தான் போய்ட்டு வருது. சளி இல்ல, இழுப்பு இல்ல" என்றார். பிறகு யாரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். குனிந்து அவர் வேட்டியை முழங்கால்வரை விலக்கச் சொல்லி, இரண்டு கால்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார். இடது கெண்டைக்கால் வலதைவிடத் தடிமனாக இருந்தது. கட்டைவிரலால் அழுத்தினார். எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே நின்றது.

"இந்தக் கால்ல ஏதாவது அடிபட்டுச்சா?"

"பைப்பு மேலருந்து வழுக்கி வுழுந்து எலும்பு ஒடஞ்சுதுங்க" என்றாள் சைபுன்னிசா. "மாவுக்கட்டு போட்டுகினு கட்டில்லியே கெடந்தாரு. கட்டப் பிரிச்சதும் கால் வீங்கிச்சு. துணிய இறுக்கிச் சுத்திகினு வேலைக்கிக் கெளம்பிட்டாரு. சொன்னா கேக்கணுமே."

"மூச்சு வாங்க ஆரம்பிச்சது அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

மொய்னுதீன் யோசித்தார். "பின்னாடிதாங்க" என்றார். தன் வாயால் சொல்லும்போதுதான் அது அவருக்கே தெரிந்தது.

ஸ்கேன்கள் எடுத்து முடித்துப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார் டாக்டர். அசையாமல் கிடந்த காலில் இரத்தம் உறைந்து கட்டியாகியிருக்கிறது. கட்டி உடைந்து, துண்டு துண்டாக மேலே ஏறி, இதயத்தின் வலது பக்கம் வழியாக நுரையீரலின் இரத்தக்குழாய்களில் போய் அடைத்திருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு அது மருந்தில் கரைந்துவிடும். சிலருக்குக் கரையாமல் தங்கிவிடும்.

"காத்து வருது. ஆனா அதை வாங்கிக்க வேண்டிய ரத்தம் அந்த இடத்துக்கு வந்து சேரல. அதான் மூச்சு."

"பைப்பு அடைப்புங்களா?"

"அடைப்புதான். ஆனா தண்ணிய வேகமா விட்டுக் கழுவித் தள்ளற அடைப்பு இல்ல. பழைய பைப்புல உப்பு பிடிச்சுப் போயிருக்குமே, அந்த மாதிரி சுவரோட சுவரா ஒட்டிப்போச்சு. மருந்து கரைக்காது. திறந்து, உரிச்சுதான் எடுக்கணும். இல்லன்னா இந்த அடைப்பை எதிர்த்துத் தள்ளித் தள்ளி, இதயம் ஒருநாள் கைவிட்டுடும்."

"ஆபரேசனப்ப நெஞ்சு ஓடிகினு இருக்குங்களா?"

"இதயத்தை நிறுத்திடுவாங்க. பக்கத்துல ஒரு மெஷின் அந்த நேரத்துக்கு ரத்தத்தை ஓட்டும். சென்னையில இதுக்குன்னே பழக்கமான சர்ஜன் இருக்கார். நான் எழுதித் தர்றேன்."

மொய்னுதீனுக்கு அது பிடித்திருந்தது. மாற்று மோட்டார். முதலில் அதைப் போட்டுவிட்டுப் பிறகு இதை நிறுத்துகிறார்கள். வெளியே வந்து ஆட்டோவில் ஏறும்போது, "சரியான ஆளுங்கதான்" என்றார் சைபுன்னிசாவிடம்.

சென்னையில் அந்தச் சர்ஜன் நரைத்த மீசைக்காரர். சோதனைகள் முடிந்தன, காப்பீட்டு ஒப்புதலும் வந்தது. நோயாளியிடம் எதையும் மறைத்து அவருக்குப் பழக்கமில்லை. தாளில் இரண்டு நுரையீரல் வரைந்து, எங்கே திறப்போம், எங்கே உரிப்போம் என்று கோடு போட்டுக் காட்டினார். மொய்னுதீன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். மெஷின் என்றதும், "தெரியுங்க" என்றார்.

"உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமா குளிர வைப்போம். மார்கழி விடியக்காலை எப்படி இருக்கும், அந்த அளவுக்கு. அப்புறம் மெஷினையும் கொஞ்ச நேரம் நிறுத்துவோம். வலது பக்கத்துக்கு ஒரு தடவை, இடது பக்கத்துக்கு ஒரு தடவை."

மொய்னுதீனின் தலையாட்டல் நின்றது.

"எதுக்குங்க?"

"ரத்தம் வந்துக்கிட்டே இருந்தா எங்க கண்ணுக்கு எதுவும் தெரியாது. சுவரையும் அடைப்பையும் பிரிக்கிறது நூலளவு வேலை. தப்பான இடத்துல உரிச்சா குழாய் கிழிஞ்சிடும்."

"அப்போ இதயமும் ஓடாது. மெசினும் ஓடாது."

"ஓடாது. குளிர்ந்த உடம்பு கொஞ்ச நேரம் தாங்கும். அந்த நேரத்தைத் தாண்ட மாட்டோம்."

"அந்த நேரத்துல நான் மௌத்தா இருப்பனா டாக்டர்?"

சர்ஜன் பேனாவை மூடினார். "இல்ல. அது சாவு இல்ல. மூளை தன் தேவையைக் குறைச்சுக்கிட்டுக் காத்திருக்கும். நூறு பேருக்குச் செஞ்சா சில பேர் பிழைக்கிறதில்ல, அதையும் சொல்லிடறேன். செய்யலன்னா என்ன ஆகும்னு உங்க டாக்டர் சொல்லியிருப்பாங்க."

மொய்னுதீன் எழுந்து நின்று கும்பிட்டார். "யோசிச்சுச் சொல்றங்க" என்றார். அன்றே பஸ் ஏறிவிட்டார்கள்.

விழுப்புரம் தாண்டியதும் சைபுன்னிசா பேச்சை எடுத்தாள்.

"என்னா யோசன பண்ணப் போறீங்க?"

"ரெண்டையும் நிறுத்தறது..." என்றார். மூச்சு எடுத்துக்கொண்டார். "வேல தெரிஞ்சவன் செய்யற வேலையே இல்ல சைபு."

"அவுரு வேலைய அவுரு பாக்கறாரு. உங்களுக்கு உங்க ஒடம்பும் சுரங்கமும் ஒண்ணாப் போச்சு."

"நின்னுது திரும்ப ஓடலன்னா?"

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள். "ஓடிகினேதான் இருக்குது, என்னா பிரயோசனம்? கக்கூசுக்குப் போய்ட்டு வந்து கட்டில்ல உக்காந்து இளைக்கிறீங்க" என்றாள். அதில் கேலி இல்லை. அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எழுதிக் கொடுத்திருந்த டாக்டர் இளவேனில், வேலைக்கே போகக் கூடாது என்றும் சொல்லியிருந்தார். மாத்திரை விஷயத்தில் மொய்னுதீன் சொன்னபடி கேட்டார், மற்றதில் கேட்கவில்லை. வீட்டில் உட்கார்ந்தால் அந்தப் பேச்சுதான் வரும். ராமலிங்கத்திடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி, ஷிப்டுக்குப் போனார். மேட்டில் ஏறுவது, வால்வு திருப்புவது, சுவிட்ச் பேனல் பார்ப்பது எல்லாம் ராமலிங்கத்தின் தலையில் விழுந்தது. மொய்னுதீன் கீழே உட்கார்ந்து சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். எந்த மோட்டார் எப்படி முனகுகிறது என்பது அவருக்குத் தெரியும்.

"கல்லாப்பெட்டியாண்ட உக்காந்த மொதலாளி மாதிரி இருக்கற பாய்" என்பார் ராமலிங்கம்.

"நீ சம்பளம் கேக்காத வரைக்கும் சரி."

அன்று செகண்ட் ஷிப்ட். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ராமலிங்கம் வரிசையின் மறு கோடிக்குப் போயிருந்தார். மொய்னுதீன் மேட்டுப் பாதையின் ஓரம் போகும் பெரிய இரும்புக் குழாயின்மேல் உட்கார்ந்திருந்தார். தொடைக்குக் கீழே குழாய் விர்ரென்று நடுங்கிக்கொண்டிருந்தது. உள்ளே தண்ணீர் ஏறுகிற நடுக்கம். அவருக்குப் பழகிப்போன, சொல்லப்போனால் சுகமான நடுக்கம்.

அது நின்றது.

முதலில் தொடையில்தான் தெரிந்தது. பிறகு காதில். ஆறாம் நம்பர் மோட்டார் படுத்துவிட்டது. மற்ற மோட்டார்கள் ஓடுகிற சத்தத்தில் ஒரு பல் விழுந்தது போல ஓட்டை. பேனல் அதோ தெரிகிறது. மேட்டில் ஏறி மாற்று மோட்டாரைப் போட வேண்டும், அவ்வளவுதான். அவர் எழுந்தார். கொஞ்சம் நடந்தார். நெஞ்சை யாரோ உள்ளிருந்து கைபோட்டுப் பிடித்தார்கள். குழாயில் மறுபடி உட்கார்ந்தார். எழுந்தார். இந்த முறை கால் நகரவில்லை, குழாயிலேயே சரிந்து உட்கார்ந்தார்.

கத்திப் பார்த்தார். "ராமலிங்கம்" என்பதில் 'ரா' மட்டும்தான் வந்தது.

குழாய் அவருக்கு அடியில் செத்துக் கிடந்தது. இருபது வருஷத்துக்கு மேல் ஒரு முறைகூட, மாற்று ஓடாமல் ஒரு மோட்டாரை அவர் நிற்க விட்டதில்லை. இன்று விட்டாயிற்று. பொத்தானைத் தொடாமலே, உட்கார்ந்த இடத்திலிருந்தே. தரையைப் பார்த்தார். எங்கே முதலில் தண்ணீர் பொங்கும் என்று பார்த்தார். தரை அப்படியே இருந்தது. பக்கத்து மோட்டார்கள் தம் பாட்டுக்கு ஓடின. ஒரு கொக்கு சேற்றில் நடந்து போனது.

ராமலிங்கம் ஓடி வருவது தெரிந்தது. மேட்டுக்குத் திரும்பும் இடத்தில் ஒரு நொடி நின்றார். பேனல் பக்கம் பார்த்தார். குழாய்மேல் குனிந்து கிடக்கும் மொய்னுதீனைப் பார்த்தார். பிறகு நேராகக் கீழே வந்தார். தோளை அணைத்து நிமிர்த்தி உட்கார வைத்தார். சட்டைப் பொத்தானை அவிழ்த்தார்.

மொய்னுதீன் கையை மேட்டுப் பக்கம் காட்டினார். "மோட்டாரு..."

"கெடக்கட்டும்."

"மோட்டார வுட்டுட்டு... ஏன்யா இங்க..."

"கெடக்கட்டும்னு சொல்றன் இல்ல. மூச்சு வுடு மொதல்ல. மெள்ள."

மூச்சு ஒரு வழிக்கு வரும்வரை ராமலிங்கம் அவரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஆறாம் நம்பர் சும்மா நின்றது. மொய்னுதீனின் காது அந்த மௌனத்திலேயே இருந்தது. கண் ராமலிங்கத்தின் கையில் இருந்தது. வியர்வையும் கிரீஸும் ஒட்டிய கை, அவர் நெஞ்சை மேலும் கீழும் தேய்த்துக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகுதான் ராமலிங்கம் எழுந்து மேட்டில் ஏறி மாற்று மோட்டாரைப் போட்டார். குழாய் ஒரு முறை குலுங்கி, மறுபடி நடுங்கத் தொடங்கியது.

ராமலிங்கம் டீயோடு திரும்பி வந்தார்.

"என்னா பாய், ஒலகம் அழிஞ்சிடுச்சா?"

மொய்னுதீன் டீயை வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை. "அதாண்ட போகாம எங்கிட்ட வந்துட்ட" என்றார்.

"பின்ன? மோட்டார நாளைக்கிக் கழட்டி மாட்டலாம். உன்ன எங்க கழட்டி மாட்டறது?"

சொல்லிவிட்டு ராமலிங்கம் டீயை ஊதிக் குடிக்க ஆரம்பித்தார். தான் சொன்னது எதிரே இருந்தவருக்கு எங்கே போய் இறங்கியது என்பது அவருக்குத் தெரியவில்லை. கழட்டி மாட்டுவதற்கு ஒரு ஆள் சென்னையில் தாளில் கோடு போட்டுக் காட்டியிருந்தார். மொய்னுதீன் குழாயில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நிறுத்தக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தார்கள், சரி. எதற்காக நிறுத்தக் கூடாது? கீழே ஆள் வேலை செய்கிறான், அவன் உயிரோடு இருக்க வேண்டும் என்பதற்காக. இந்த ராமலிங்கம் ஆளைப் பார்க்க மோட்டாரை நிற்க விட்டான். விதியை மீறியவன் இவன்தானா, இல்லை விதியைச் சரியாகப் புரிந்துகொண்டவன் இவன்தானா என்று அவருக்கு விளங்கவில்லை. பயம் போய்விடவும் இல்லை. ஆனால் வீட்டுக்குப் போனதும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "சைபு, மெட்ராசுக்குப் போன்..." என்றார்.

வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. இந்த ஒன்றை அவரே முடிக்கட்டும் என்று நின்றாள்.

"பண்ணு" என்றார்.

அறுவை அரங்குக்கு அழைத்துப்போகும் காலையில் சர்ஜன் வந்து, ஏதாவது கேட்க வேண்டுமா என்றார்.

"மெசின நிறுத்தறப்ப யாருங்க பொத்தான அமுக்குவாங்க?"

"அதுக்குன்னு ஒருத்தர் இருக்கார். மெஷின் பக்கத்துலயே உட்கார்ந்திருப்பார். எழுந்து போகமாட்டார்."

"அவுருகிட்ட ஒண்ணு சொல்லணுங்க. அமுக்கறப்ப பிஸ்மில்லான்னு... அவுருக்கு வழக்கமில்லன்னா அவுரு சாமி பேர சொல்லச் சொல்லுங்க."

சர்ஜன் சிரிக்கவில்லை. "சொல்றேன்" என்றார்.

அவர் சொன்னாரா, அந்த மனிதர் எந்தப் பெயரை நினைத்தார் என்பதெல்லாம் மொய்னுதீனுக்குத் தெரிய வழியில்லை. அவருக்குத் தெரிந்தது ஊசி, கூரையில் வட்டமான விளக்கு, அதற்குப் பிறகு தொண்டைக்குள் ஒரு குழாயும் சைபுன்னிசாவின் முகமும்தான். நடுவில் எதுவும் இல்லை. கனவுகூட இல்லை. அந்த வெட்ட வெளியைப் பிற்பாடு பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறார். அதன் ஓரத்தில்கூட அவரால் கை வைக்க முடியவில்லை.

தொண்டைக் குழாயை எடுத்த பிறகு சர்ஜன் செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார். பச்சைத் துணிமேல் வெளிறிய மஞ்சளில் ஏதோ கிளை கிளையாகப் பரப்பி வைத்திருந்தார்கள். தடித்த அடி, அதிலிருந்து பிரிந்த விரல்கள், விரலிலிருந்து பிரிந்த நரம்புகள். சைபுன்னிசா எட்டிப் பார்த்தாள்.

"மஞ்சக் கெழங்க வேரோட புடுங்கிப் போட்டாப்பல இருக்கு. இதுவா உள்ள இருந்துச்சு?"

"இதுதாம்மா. ரெண்டு பக்கத்துலருந்தும்."

மொய்னுதீன் படத்தையே பார்த்தார். உள்ளே இருந்தபோது அது அவர் உடம்பின் அச்சிலேயே வளர்ந்திருந்தது. "நின்னுது, எப்டி திரும்ப ஓட வெச்சீங்க?" என்று கேட்டார். குரல் கரகரத்தது. ஆனால் கேள்வி ஒரே துண்டாக வந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. சைபுன்னிசா கவனித்தாள். படத்தைப் பார்க்கிற சாக்கில் முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சூடு ஏத்த ஏத்த, இதயம் அதுவாவே துடிக்க ஆரம்பிச்சிடுச்சு. நாங்க பெருசா ஒண்ணும் பண்ணல" என்றார் சர்ஜன்.

ஊருக்குத் திரும்பிய பிறகு புதுக் கட்டுப்பாடுகள் வந்தன. இரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க மாத்திரை. அவ்வப்போது இரத்தப் பரிசோதனை. வெட்டுக்காயம் படக் கூடாது. கீரையை ஒருநாள் கூடையளவும் மறுநாள் இல்லாமலும் சாப்பிடக் கூடாது, மாத்திரையின் வேலை கெட்டுவிடும் என்று டாக்டர் இளவேனில் சொன்னபோது சைபுன்னிசாவுக்குத்தான் அதிர்ச்சி. கொல்லையில் முருங்கை தழைத்துக் கிடக்கிறது. "அளவா, எப்பவும் ஒரே மாதிரி போடுங்க, போதும்" என்றார் டாக்டர். அன்றிலிருந்து மொய்னுதீன் தட்டில் கீரை ஒரு கரண்டிக்கு மேல் விழுவதில்லை. வாக்கியங்களை அவரே முடிப்பதில் அவளுக்கு ஒரு குறையும் இருந்தது. "முன்னயெல்லாம் எங்கூட்டுல நான் சொன்னதுதான் பேச்சு" என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டாள்.

நெஞ்செலும்பு சேர்ந்து, டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகு, வால்வு திருப்பாத, பாரம் தூக்காத வேலை என்ற ஏற்பாட்டில் மொய்னுதீன் மறுபடி சுரங்கத்தில் இறங்கினார். மேட்டுப் பாதையில் ராமலிங்கம் பின்னாலேயே வந்தார், விழுந்தால் பிடிக்க. பாதியில் நின்றவர் ராமலிங்கம்தான்.

"யோவ் பாய், மெள்ளப் போய்யா. எனக்கு மூச்சு வாங்குது."

"தூசியா இருக்கும்" என்றார் மொய்னுதீன்.

அன்று ஆறாம் நம்பரைப் பழுதுக்குக் கழற்ற வேண்டும். மாற்று மோட்டாரைப் போட்டார்கள். அது நிதானத்துக்கு வந்தது. ராமலிங்கம் வரிசையின் மறு கோடியில் வால்வருகே போய் நின்றுகொண்டார். மேலே பேனலில் மொய்னுதீன் மட்டும். குழாயில் கை வைத்துப் பார்த்தார். அதிர்வு வந்தது. சிவப்புப் பொத்தானை 'பிஸ்மில்லாஹ்' என்று அழுத்தினார்.

ஆறாம் நம்பர் இறங்கி, முனகி, அடங்கியது. வழக்கமாக அந்த நொடியில் அவர் பார்வை மாற்று மோட்டாருக்கு ஓடும். இன்று ஓடவில்லை. மேட்டிலிருந்து இறங்கி, நின்றுபோன மோட்டாரின் பக்கத்தில் போய் நின்று அதைத் தொட்டார். இரும்பு இன்னும் சூடாகத்தான் இருந்தது. ஒருநாள் நாமும் இப்படி நின்றிருக்கிறோம். சூடுகூட இல்லாமல், பக்கத்தில் எழுந்து போகாத ஒருவர் உட்கார்ந்திருக்க.

கோடியிலிருந்து ராமலிங்கம் கையை ஆட்டி, என்ன ஆயிற்று என்று கேட்டார்.

மொய்னுதீன் நெஞ்சு நிறையக் காற்றை இழுத்துக்கொண்டார். "நின்னுடுச்சு ராமலிங்கம், ஒண்ணும் அவசரமில்ல, மெள்ளக் கழட்டு" என்று விட்டார். மேல் தட்டில் மண் அள்ளிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.